நோய் தீர்ந்தபின் உண்ணும் மருந்து

வருத்தம் வந்தால் மருந்து உண்ணுதல்; வருத்தம் மாறினால் மருந்தை நிறுத்துதல். மருந்தைப் பற்றி மக்கள் காலங்காலமாகக் கொண்டிருக்கும் எண்ணம் இவ்வளவே. நோய் ஒரு கரை, சுகம் மறுகரை, மருந்து இடையிலுள்ள ஓடம் என்றே நாம் நினைத்துப் பழகியுள்ளோம். கரை சேர்ந்தபின் ஓடத்தைத் தலையிற் சுமந்து திரிவார் யார்?

எனினும் இன்றைய மருத்துவம் இவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது. இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகி, மாதக்கணக்கிற் சிகிச்சை பெற்று, ஈற்றில் மூலக்கல மாற்றீடும் செய்யப்பெற்ற ஒருவரின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கின்றார்கள். நோயின் சுவடு தென்படவில்லை. உதிர்ந்த தலைமயிர் மீண்டும் வளர்ந்துவிட்டது. அவர் தோட்டத்துக்குப் போகின்றார், கோயிலுக்குப் போகின்றார், கலியாண வீட்டிற் பந்தியில் அமர்கின்றார். ஊர் அவரைச் சுகதேகி என்கின்றது. வைத்தியரோ, "இக்குளிசையை நாள்தோறும் எடுத்து வாருங்கள், எத்தனை ஆண்டுக்கு என்று இப்போது சொல்வதற்கில்லை" என்கின்றார். வந்த நோயை ஒழிப்பதற்கன்றி, ஒழிந்த நிலையைக் காப்பதற்காகக் கொடுக்கப்படும் இச்சிகிச்சையைப் பேணற் சிகிச்சை எனலாம்.

இங்கே மருத்துவத்தின் எல்லையைக் கடந்த ஒரு வினா எழுகின்றது. நோய் காணப்படாத ஒருவருக்கு, முடிவு குறிக்கப்படாத காலத்துக்கு, விலை மிகுந்த ஒரு மருந்தை வழங்கும் கடமை சமுதாயத்துக்கு உண்டா? உண்டெனின், அக்கடமையை நிறைவேற்றும் வழி யாது? இதனை ஒரு நோயாளியின் குடும்பப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. ஈகையைப் பற்றியும் அறத்தைப் பற்றியும் நாம் கொண்டுள்ள கருத்துக்களை இவ்வினா தராசில் ஏற்றுகின்றது.

முதலில் விடயத்தைச் சற்றே விளங்கிக்கொள்வோம். எலும்பின் உள்ளேயுள்ள மச்சையில் இரத்தத்தைப் பிறப்பிக்கும் மூலக்கலங்கள் இருக்கின்றன. மயலோமா என்னும் இரத்தப் புற்றுநோயில், நோயெதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கவேண்டிய ஒருவகைக் கலங்கள் அம்மச்சையிற் கட்டுக்கடங்காது பெருகி, எலும்பை அரித்துச் சிறுநீரகத்தையும் பழுதாக்குகின்றன. இதற்குச் சிகிச்சை செய்வோர், நோயாளியின் சொந்த மூலக்கலங்களை முன்னதாகவே இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து உறைநிலையிற் பாதுகாத்து வைக்கின்றனர். பின்னர் மெல்பலான் என்னும் மருந்தைப் பெருமளவிற் செலுத்துகின்றனர். அது நோயை அழிக்கும்போது மச்சையையும் உடனழித்துவிடும். அதன்பின் பாதுகாத்து வைத்த கலங்களைத் திரும்ப ஏற்ற, அவை மச்சையைச் சென்றடைந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்திற் புதிய இரத்தத்தைப் பிறப்பிக்கத் தொடங்கும். வேறு சில இரத்தப் புற்றுநோய்களுக்கு உடன்பிறந்தாரோ பொருத்தமுடைய பிறரோ தம் கலங்களை வழங்குகின்றனர்.

அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் 1957 இல் இம்முயற்சியின் முதல் முடிவுகளை வெளியிட்டார். 1990 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983 இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கப்பட்டது. எமது பகுதியிலிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்காகக் கடல் கடந்தோர் பலர்.

இவ்வளவு பெரிய அழிப்புக்குப் பின்னரும் மயலோமாவின் கலங்கள் சில எங்கோ எஞ்சிவிடுகின்றன. வடமராட்சித் தோட்டக்காரர் எவருக்கும் இதனை விளக்கவேண்டியதில்லை. கோரை முளைத்த நிலத்தைக் கொத்திப் புரட்டிக் காயவிட்டால் மேலே ஒரு பச்சையும் தெரியாது. ஆனால், மண்ணுக்கடியில் ஒரு கிழங்கு கிடந்தாற் போதும். அடுத்த மழைக்கு அது தலைகாட்டும். ஆகவேதான் வெங்காயம் நட்டவர் களைகொட்டைக் கீழே வைப்பதில்லை. பேணற் சிகிச்சை என்பது இத்தகைய ஓயாத களையெடுப்பே.

இம்மருந்தின் பயன் யாது? இங்கே நாம் உணர்ச்சியை ஒதுக்கி எண்களை நோக்க வேண்டும். லெனலிடோமைட் என்னும் குளிசையைக் கொண்டு அமெரிக்காவில் 460 பேரிடையேயும் பிரான்சில் 614 பேரிடையேயும் நடத்தப்பெற்ற இரு ஆய்வுகள் 2012 இல் வெளிவந்தன. நோய் மீளாதிருந்த காலம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் நீண்டது. ஆயினும் மருந்தை உண்டோர் கூடுதலாக உயிர் வாழ்ந்தனர் என்று அமெரிக்க ஆய்வு காட்ட, பிரெஞ்சு ஆய்வு அத்தகைய வேறுபாடு எதனையும் காட்டவில்லை. மேலும், மருந்து உண்டோரிடையே வேறு புதிய புற்றுநோய்கள் சற்று அதிகமாகத் தோன்றின. இதனைக் கண்ட பிரெஞ்சு வைத்தியர்கள் 2011 சனவரியில் மருந்தை நிறுத்திவிட்டனர். அமெரிக்க வைத்தியர்களோ, அதற்கு முன்னரே, மருந்தின் பயன் தெளிவானவுடன், வெற்றுக் குளிசை பெற்றுவந்தோருக்கும் உண்மை மருந்தைப் பெற வழி திறந்துவிட்டனர். நேர்மையும் புலமையும் மிக்க இரு சாரார், ஒரே மருந்தின் முன்னால், எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தனர்.

மூன்று ஆய்வுகளைச் சேர்ந்த 1,208 பேரின் விபரங்களை ஒன்றுதிரட்டி ஆராய்ந்த கட்டுரை 2017 இல் வெளிவந்தது. அதன்படி ஏழாண்டு முடிவில் உயிரோடிருந்தோர், மருந்து உண்டோரில் நூற்றுக்கு 62 பேர். உண்ணாதோரில் நூற்றுக்கு 50 பேர். நோய் மீளுமுன்னரே புதிய இரத்தப் புற்றுநோய் ஏதேனும் தோன்றியோர், உண்டோரில் நூற்றுக்கு 5 பேரளவில். உண்ணாதோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

இக்கணக்கை ஆழ்ந்து நோக்குவோம். நூறு பேர் குளிசை எடுக்கின்றனர். அவர்களுள் ஐம்பதின்மர் அதனை எடுக்காவிடினும் ஏழாண்டு வாழ்ந்திருப்பர். முப்பத்தெண்மர் அதனை எடுத்தும் அவ்வெல்லையை எட்டவில்லை. அம்மருந்தால் ஏழாண்டு எல்லையைக் கடந்தோர் பன்னிருவர். அப்பன்னிருவர் யாவர் என்பதை வைத்தியர் அறியார், அவர்களும் அறியார். ஆகவே பன்னிருவரின் பொருட்டு நூற்றுவரும் சோர்வையும் வயிற்றோட்டத்தையும் இரத்தக்கலக் குறைவையும் தாங்க வேண்டியிருக்கின்றது. அவர்களுட் சிலர் புதியதொரு புற்றுநோயையும் எதிர்கொள்ள நேரிடுகின்றது. பன்னிருவர் என்பது சிறிய தொகையா? ஒரு வகுப்பறையில் மூன்று வாங்குகள் நிறைந்து நால்வர் நால்வராக அமர்ந்திருப்போரை எண்ணிப் பாருங்கள். அதனைச் சிறிதென்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

இம்மருந்தின் பிறப்பு வரலாறும் எமது சிந்தனைக்கு உரியது. இதன் மூதாதை தலிடோமைட். 1957 இல் மேற்கு ஜேர்மனியில் நித்திரைக் குளிசையாக விற்பனைக்கு வந்த அது, கருவுற்ற தாய்மாரின் வாந்திக்கும் கொடுக்கப்பட்டது. கைகால் குறைந்த பிள்ளைகள் பல நாடுகளிற் பிறந்தனர். அவர்களின் தொகை 10,000 என மதிப்பிடுவர். 1961 இறுதியில் அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண் அதிகாரி, போதிய சான்று இல்லையெனக் கூறி, கம்பனியின் வற்புறுத்தலுக்கு இணங்காது அனுமதியை மறுத்ததால் அந்நாட்டுப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் தப்பினர். 1964 இல் ஜெருசலேமில் ஒரு வைத்தியர், தொழுநோயின் கொடிய வேதனையால் நித்திரையற்றிருந்த ஒருவருக்கு அதே குளிசையைக் கொடுக்க, வேதனை தணிந்தது. 1999 இல், வேறு சிகிச்சைகள் பயன்தராத மயலோமா நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு அது பயன்பட்டது என அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. அம்மருந்தின் அமைப்பைத் திருத்தி ஆக்கப்பட்டதே லெனலிடோமைட்.

நஞ்சென்றும் அமிழ்தென்றும் பொருளுக்கு நிலையான சாதி இல்லை என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. எவர் கையில், எந்த நோக்கத்தோடு, எத்தகைய விழிப்போடு அது வழங்கப்படுகின்றது என்பதே அதனை நஞ்சாகவோ அமிழ்தாகவோ ஆக்குகின்றது. இலாபம் அவசரப்பட்ட இடத்தில் அது பிள்ளைகளை ஊனப்படுத்தியது. ஒரு பொது ஊழியர் பொறுத்து நின்ற இடத்தில் அது தடுக்கப்பட்டது. வைத்தியர் கூர்ந்து நோக்கிய இடத்தில் அது உயிர் காத்தது.

அவ்வாறாயின், உண்பதா விடுவதா என்பதை யார் தீர்மானிப்பது? அறிஞரே இருவேறு முடிவுகளுக்கு வரக்கூடிய ஒரு விடயத்தில், தீர்மானிக்கும் உரிமை அவ்வுடலுக்கு உரியவரையே சாரும். நீண்ட வாழ்வை நாடி இடரைத் தாங்க முன்வருவார் ஒருவர். எஞ்சிய நாட்களை வயிற்றோட்டமும் சோர்வுமின்றிக் கழிக்க விரும்புவார் இன்னொருவர். இருவரையும் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், இவ்வுரிமை வெறுஞ்சொல்லாகிவிடாதிருக்க இரண்டு வேண்டும். ஒன்று அறிவு, மற்றது பொருள்.

அறிவு என்பது தாய்மொழியில் வரவேண்டும். வடக்கிலிருந்து மகரகமை அபேக்ஷா வைத்தியசாலை வரை 400 கிலோமீற்றர் பயணஞ் செய்து, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட துண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சிங்களத்தில் ஏதோ சொல்லப்படத் தலையசைத்துத் திரும்பும் ஒரு தாய், எதனைத் தீர்மானித்தவர் ஆவார்? இவ்வகையில் எமக்குப் பெருமைக்குரிய ஒரு மரபு உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறைகளின் நூல்களைத் தமிழிற் பெயர்ப்பித்தார், கலைச்சொற்களை ஆக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எமது மொழி சத்திரசிகிச்சையைப் பேசியது. அதே மொழியில் ஒரு குளிசையின் நன்மை தீமைகளை நான்கு பக்கத்தில் அச்சிட்டு நோயாளியின் கையிற் கொடுப்பது இன்று அரிய காரியமாக இருத்தல் வெட்கத்துக்குரியது. கருவுறக்கூடிய பெண்கள் இக்குளிசையை எக்காரணங்கொண்டும் முன்னெச்சரிக்கையின்றி உட்கொள்ளலாகாது என்ற ஒரு செய்திக்காகவேனும் அத்தகைய துண்டு வேண்டும்.

இனிப் பொருளுக்கு வருவோம். எமது ஊர்கள் ஈகையற்ற ஊர்கள் அல்ல. உடுப்பிட்டியிலோ கரவெட்டியிலோ ஒருவருக்குப் பெரிய சத்திரசிகிச்சை என்றால் பத்திரிகையில் வேண்டுகோள் வெளிவரும். சனசமூக நிலையம் பற்றுச்சீட்டுப் புத்தகம் அடிக்கும். பழைய மாணவர் சங்கம் கூடும். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் வந்து சேரும். மூலக்கல மாற்றீடு இத்தகைய ஈகைக்கு ஏற்ற காரியம். அதற்கு ஒரு நாள் உண்டு. ஒரு தொகை உண்டு. தொடக்கமும் முடிவும் உண்டு. கொடுத்தவர்க்குத் தாம் ஓர் உயிரைக் காத்தோம் என்ற நிறைவும் உண்டு.

ஆனால், மாதந்தோறும் வாங்கவேண்டிய குளிசைக்கு அத்தகைய நாள் எதுவும் இல்லை. மாற்றீடு முடிந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். முதல் மாதம் உறவினர் கேளாமலே கொடுப்பர். ஆறாம் மாதம் கேட்டபின் கொடுப்பர். பதின்மூன்றாம் மாதம் சந்தியிற் கண்டால் மறுபக்கம் திரும்பி நடப்பர். அவர்களைக் கொடியவர் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, கடன் உண்டு. "ஆள் நல்லாய்த்தானே இருக்கிறார், இன்னும் என்ன மருந்து?" என்ற கேள்வி மெல்லக் கிளம்பும். நோய் கண்ணுக்குத் தெரிந்த காலத்தில் இரங்கிய ஊர், நோய் மறைந்தபின் ஐயுறும். ஈற்றில் அம்மனிதரே, வீட்டார் அறியாமல், நாளுக்கொன்றாக எடுக்கவேண்டிய குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கத் தொடங்குவார். மகளின் பள்ளிச் செலவு அதனால் மிஞ்சும். அவர் எதனையும் சுதந்திரமாகத் தீர்மானிக்கவில்லை. அவருக்காக வறுமை தீர்மானித்துவிட்டது.

ஈகையின் இயல்பான எல்லை இதுதான். அது நிகழ்ச்சிகளைத் தாங்கும், காலத்தைத் தாங்காது. 2011 இல் தென்கோடியான தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் மக்கள் நடந்தனர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடி நடந்த நடை அது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த அச்செயலை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். அந்நடையால் ஒரு கட்டடம் எழுந்தது. ஆனால், அக்கட்டடத்தினுள் ஒவ்வொரு மாதமும் வேண்டப்படும் மருந்துக்காக ஒவ்வொரு மாதமும் மக்கள் நடக்க முடியுமா?

நாளாந்தம் வேண்டப்படும் ஒன்றை எவ்வாறு வழங்குவது என்பதை எமது முன்னோர் சிந்திக்காமலில்லை. சோழர் காலக் கல்வெட்டுக்களைக் கற்றோர் நுந்தா விளக்கைப் பற்றி அறிவர். அணையாத விளக்கொன்றை எரிக்க விரும்பியவர் ஒரு குடம் நெய்யைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தஞ்சைப் பெருங்கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் மன்றாடிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும் என்பது விதி. கிழடு கழிந்தாலும் குட்டி வளர்ந்து தொகை குறையாதிருக்க வேண்டுமாதலின் அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. அம்மன்றாடிகளின் உழைப்பின்மேல் எழுந்த அந்நிலவுடைமைச் சமுதாயத்தை நாம் போற்ற வரவில்லை. ஆயினும் நாள்தோறும் எரியவேண்டிய விளக்கை ஒருவரது இரக்கத்தின் ஏற்ற இறக்கத்துக்கு விட்டுவைக்கலாகாது, அதற்கு நிலையான ஓர் ஏற்பாடு வேண்டும் என்னும் அறிவு அவர்களிடம் இருந்தது. கல்லாலான தெய்வத்தின் முன் விளக்கு அணையலாகாது எனக் கண்ட மரபு, உயிருள்ள மனிதரின் மருந்து நின்றுபோவதைப் பார்த்திருக்கலாமா?

இக்காலத்தில் அவ்வேற்பாட்டின் பெயர் பொது வைத்திய சேவை. இந்நாட்டில் அதற்கு ஆழமான வேர் உண்டு. பேராசிரியர் சேனக பிபிலை, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971 இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. கம்பனிகள் சூட்டும் பெயரால் அன்றி மருந்தின் பொதுப் பெயரால் வாங்குதல், தேவையான மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்தல், நாடு முழுவதற்கும் ஒருங்கே கேள்விப்பத்திரம் கோரி மலிவாகப் பெறுதல் என்பன அவர் கொள்கைகள். உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்ட 1977 ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். 2019 இல் அந்நிறுவனம் தன் பட்டியலில் மயலோமாவுக்கான லெனலிடோமைட்டையும் தலிடோமைட்டையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே இம்மருந்தை ஆடம்பரம் என்று எவரும் தள்ளிவிட முடியாது.

இதற்கு வலிமையான ஒரு மறுப்பு உண்டு. அதனை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது. நாட்டின் பொருள் அளவுடையது. 2022 ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்த காலத்தில், வைத்தியசாலைகளிற் சாதாரண மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மயலோமா பெரும்பாலும் முதியோரைப் பிடிக்கும் நோய். ஒரு முதியவரின் ஆண்டுக்கணக்கான குளிசைக்குச் செல்லும் பணத்தால் எத்தனை குழந்தைகளுக்குச் சத்துணவு அளிக்கலாம் என்று கேட்போர் இரக்கமற்றோர் அல்லர்.

இக்கேள்விக்கு எமது மறுமொழி இரண்டு. முதலாவது, மருந்தின் விலையை மழை வெயில் போல் இயற்கை தந்ததாகக் கொண்டு கணக்குப் போடுதல் தவறு. அமெரிக்காவில் 2005 இல் 215 டொலராக இருந்த ஒரு லெனலிடோமைட் குளிசையின் விலை, இருபதுக்கு மேற்பட்ட தடவைகள் உயர்த்தப்பட்டு 700 டொலரைத் தாண்டியதை அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவொன்று 2020 இல் வெளிப்படுத்தியது. குளிசை மாறவில்லை, விலையே மாறியது. மற்றொரு இரத்தப் புற்றுநோய் மருந்தான இமற்றினிப் விடயத்தில், சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் கம்பனியின் கோரிக்கையை நிராகரித்தது; 2013 ஏப்பிரல் 1 ஆம் திகதி இந்திய உயர்நீதிமன்றம் அம்முடிவை நிலைநாட்டியது. கம்பனியின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாயும், இந்தியாவில் ஆக்கப்பட்ட அதே மருந்துக்கு 10,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகையும் சொல்லப்பட்ட வழக்கு அது. முதியவரா குழந்தையா என்று எம்மைத் தெரிவுசெய்யச் சொல்வோர், அத்தெரிவை எம்மீது சுமத்திய விலை எங்கிருந்து வந்ததென முதலில் கேட்கட்டும்.

இரண்டாவது, விலை குறைந்தபின்னரும் பற்றாக்குறை இருக்கவே செய்யும். எல்லார்க்கும் எல்லாம் கொடுக்க இயலாத நாட்களும் வரும். அன்று யாருக்கு முதலிடம் என்பதை வெளிப்படையான விதியால் தீர்மானிக்க வேண்டும். எந்த நோயாளருக்குப் பயன் மிகுதி, எத்தனை ஆண்டில் நிறுத்திப் பார்க்கலாம், இடர் எவருக்கு அதிகம் என்பன மருத்துவ அறிவால் விடைகாணத் தக்கவை. நாட்பட்ட மயலொயிட் லூக்கீமியா நோயாளருள், குளிசையாலே நோய் முற்றாக மறைந்து ஈராண்டு கடந்த சிலரிடம் அதனை நிறுத்திப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு, ஏறத்தாழ ஐவரில் இருவர்க்கு நோய் மீளவில்லை என 2010 இல் காட்டியது. ஆகவே முடிவற்ற மருந்து என்பதும் ஆராய்ச்சியால் முடிவுகாணக்கூடியதே. இவ்விதிகளை மக்கள் அறிய வகுத்தால், கிடைக்காதவரும் அநீதி இழைக்கப்பட்டதாக எண்ணார். இன்றோ, தெரிந்தவர் உள்ளவருக்குக் கிடைக்கின்றது. வெளிநாட்டிற் பிள்ளை உள்ளவருக்குக் கிடைக்கின்றது. பற்றாக்குறையை இவ்வாறு பங்கிடுவதும் ஒரு விதிதான். ஆனால், எவரும் வெளியிற் சொல்ல நாணும் விதி.

ஆகவே எமது முடிவு இது. நோய் தீர்ந்தபின் உண்ணும் மருந்து, நோய்க்காலத்து மருந்தினின்று வேறானது அன்று. மாற்றீட்டை வழங்கிவிட்டுப் பேணற் சிகிச்சையைக் கைவிடுதல், கிணற்றில் விழுந்தவரைப் பாதிவரை தூக்கிக் கயிற்றை விடுவதை ஒக்கும். அதனை ஏற்பதா மறுப்பதா என்னும் தெரிவு நோயாளருக்கு உரியது. அத்தெரிவு மெய்யாக அமையும்படி மருந்தையும் தமிழில் அறிவையும் கையெட்டும் தூரத்தில் வைக்கும் கடமை எம் எல்லோருக்கும் உரியது. யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் அம்மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டும்; அதற்காக ஒருவர் மாதந்தோறும் மகரகமைக்குப் போகும் நிலை ஒழிய வேண்டும். எமது சங்கங்களும் சனசமூக நிலையங்களும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை மூடவேண்டியதில்லை. அவற்றோடு கூட, மருந்து ஏன் இல்லை, எவ்விலைக்கு வாங்கப்படுகின்றது, யாருக்கு எவ்விதியால் வழங்கப்படுகின்றது என்று சுகாதார அதிகாரிகளைக் கேட்கும் மனுக்களையும் எழுதத் தொடங்கட்டும். பதின்மூன்றாம் மாதமும் ஒருவர் தலைகுனியாமல் தம் குளிசையைப் பெற்றுச் செல்லும் நிலை அப்போதுதான் பிறக்கும்.